ஆறே முக்காலிலிருந்து எட்டு வரை

செப்டம்பர் 3, புதன்

நூல் கடையில் புது வருடத்துக்குக் கொடுத்த டைரி எட்டு மாதமாக அரிசி டப்பாவின் மேல் கிடந்தது. இன்று எடுத்துத் துடைத்தேன். எனக்கு யாரிடமும் பேச வராது. எழுத வருமா என்று பார்க்கிறேன்.

காலையில் ஒரு மூட்டை டி-ஷர்ட் வந்தது. பிசிறு வெட்டி மடிக்க வேண்டும். அம்மா பனியன் கம்பெனிக்குப் போன பிறகு நானும் கத்தரிக்கோலும் மூட்டையும்தான். அப்பா லாரியில் போனவர், இன்னும் நாலு நாள் ஆகும் வர.

பதினோரு மணிக்கு ஆப்பிலிருந்து மெசேஜ் வந்தது. வருகிற 25ஆம் தேதியிலிருந்து கட்டணத்தை ஏற்றுகிறார்கள். இப்போது கட்டுகிற பணத்துக்கு இனி ஒரு நேரத்தில் ஒரே இடத்தில்தான் படம் ஓடும். பழையபடி நான்கு இடத்தில் ஓட வேண்டுமானால் இரண்டு மடங்குக்கு மேல்.

எங்கள் லைனில் எட்டு வீடுகள். சுவரோடு சுவர். அதில் நான்கு வீடு கேபிளை வெட்டிவிட்டு, சேர்ந்து இந்த ஆப்பை எடுத்தோம். செல்வநாயகி அக்கா, கோகிலா அக்கா, ரோஸ்லின் அக்கா, நாங்கள். அப்போது யார் நம்பரில் எடுப்பது என்று பேச்சு வந்தது. மூன்று அக்காக்களும் வேலைக்குப் போகிறவர்கள், கம்பெனியில் போனைத் தொடவிட மாட்டார்கள். "கௌசி ஊட்லயேதான இருக்கறா, அவ நம்பர்ல போடு" என்று செல்வநாயகி அக்கா சொன்னார். அதனால் மெசேஜ் எனக்கு வருகிறது. மற்ற மூன்று வீட்டுக்கும் நான் போய்ச் சொல்ல வேண்டும். சாயங்காலம் வரை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் போனையே நீட்டிவிட்டேன். அவர்களே படித்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 5, வெள்ளி

தண்ணீர் வந்த நாள். குழாயடியில் எல்லாரும் இருந்தார்கள். கூட்டம் அங்கேயே நடந்தது.

"பால ஏத்துனான், கேஸ ஏத்துனான், இப்ப நாடகத்தையும் ஏத்திப்புட்டானா?" செல்வநாயகி அக்கா.

"கேபிள்காரன்கிட்டத் திரும்பப் போனா கேலி பண்ணியே கொன்னுருவான்" என்றார் ரோஸ்லின் அக்கா. அவர் திண்டுக்கல் பக்கம். "அன்னைக்கே சொன்னேன்ல, வருவீகன்னு, அப்படிம்பான்."

"அப்ப ஒரே எடம்தானே? தண்ணிக்கு மொறை வெக்கலையா? அதே மாதிரி இதுக்கும் வெச்சுக்கலாம்" என்றார் செல்வநாயகி அக்கா.

அப்படித்தான் முடிவானது. ஆனால் நல்ல நேரம் எல்லாருக்கும் ஒன்றுதான். ரோஸ்லின் அக்கா எட்டிலிருந்து ஒன்பதேகால் கேட்டார். யாரும் மறுக்கவில்லை. கோகிலா அக்கா, எங்கள் பக்கத்து வீடு, அதுவரை வாயே திறக்கவில்லை. நிறைந்த குடத்தை நகர்த்திவிட்டு, "எனக்கு ஆறே முக்கால்லருந்து எட்டு" என்றார்.

"அக்கா, எம்பசங்க டியூசன் முடிச்சு வர்ற நேரமுங்க்கா அது" என்றார் செல்வநாயகி அக்கா.

"எந்தண்ணி மொறைய எடுத்துக்க. இனிமே மொத ஆளா நீயே புடிச்சுக்க."

முதல் முறை என்றால் பதினைந்து குடம் நிச்சயம். கடைசி முறைக்குக் குழாய் காற்றுதான் விடும். அதை வைத்துக்கொண்டு எத்தனை சண்டை இந்த லைனில்.

"அப்பிடி என்ன நாடகம்க்கா அது, தண்ணிய விட்டுக்குடுத்துப் பாக்குற மாதிரி?" என்று ரோஸ்லின் அக்கா சிரித்தார்.

"அவருக்குப் புடிச்சிருக்குது." குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

செல்வநாயகி அக்கா ஐந்தரைக்கு ஒத்துக்கொண்டார். எனக்குப் பகல் பதினொன்றிலிருந்து நாலு. யாரும் கேட்காத நேரம்.

செப்டம்பர் 25, வியாழன்

இன்று முதல் ஒரே இடம். ஒரு வீட்டில் திறந்தால் மற்ற வீட்டில் மூடிக்கொள்கிறது. ஒவ்வொரு முறை மாறும்போதும் என் போனுக்கு ஓடிபி வருகிறது. ஆறு எண்கள். ஐந்தரைக்குச் செல்வநாயகி அக்காவின் டியூசன் போகாத சின்னவன் ஓடி வந்தான். ஆறே முக்காலுக்குக் கோகிலா அக்கா சுவரைத் தட்டினார். எட்டுக்கு ரோஸ்லின் அக்கா வாசலில் நின்று, "தாயி, நம்பர் சொல்லு" என்றார்.

ஒரே நாளில் மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். நான் எண்களைச் சத்தமாகச் சொன்னேன். எண் சொல்வது எளிது. நான்கு, ஒன்பது, ஒன்று என்றால் முடிந்தது. அதற்கு மேல் எதுவும் யோசிக்க வேண்டியதில்லை.

இராத்திரிச் சாப்பாட்டில் அம்மா, "என்ன, மொகம் பளிச்சுனு இருக்குது?" என்றாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கோகிலா அக்காவின் வீட்டுக்காரர் மயில்சாமி அண்ணன் கட்டிங் மாஸ்டர். தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது எல்லாரும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார்கள். அவர் மட்டும் ஒரு ஷிப்ட்டோடு வந்துவிடுகிறார். ஆறு நாற்பதுக்குச் சைக்கிள் சத்தம். கை கால் கழுவுவார். உள்ளே போவார். உடனே கோகிலா அக்கா வெளியே வந்து அவருடைய செருப்பை எடுத்து உள்ளே, கட்டிலுக்கு அடியில் தள்ளுவார். லைனில் எல்லார் செருப்பும் வாசலில்தான் கிடக்கும். அவர் செருப்பு மட்டும் ஆறே முக்காலுக்கு உள்ளே போய், காலையில்தான் வெளியே வருகிறது.

ஆடி மாதம் பாதி வரைக்கும் அவர் வேறு மாதிரி இருந்தார். அதைப் பற்றி லைனில் யாரும் இப்போது பேசுவதில்லை.

நாடகம் வெளிநாட்டுக் கதை, தமிழில் பேசுகிறார்கள். கப்பல் கட்டும் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், தம்பி. தம்பி கைதவறி வைத்த தீயில் பட்டறை எரிந்து ஒருவர் செத்துப்போகிறார். பழி அண்ணன் மேல் விழுகிறது. அண்ணன் ஜெயிலுக்குப் போகிறான். தம்பி ஒன்றும் சொல்வதில்லை. ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு பார்க்கிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். மயில்சாமி அண்ணன் டிவியோடு பேசுவார். "டேய், சொல்லித் தொலைடா! உங்கண்ணன்டா அவன்!" என்று கத்துவார். வர்ஷினி, அவர்கள் பெண், "அப்பா, அவனுக்குக் கேக்காதுப்பா" என்பாள்.

வர்ஷினியும் நானும் ஒன்றாகப் படித்தோம். அவள் இப்போது பிளஸ் டூ.

செப்டம்பர் 30, செவ்வாய்

பிசிறு வெட்டிக்கொண்டே பகலில் அந்த நாடகத்தை நான் முந்திப் பார்த்துவிட்டேன். இன்று முடித்தேன். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு எபிசோடு. மயில்சாமி அண்ணன் இன்னும் ஐம்பத்தெட்டில் இருக்கிறார். அவர் சுவருக்கு அந்தப் பக்கம் கத்தும்போது, அடுத்து என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் என்பது நன்றாக இருக்கிறது.

அக்டோபர் 4, சனி

பள்ளிக்கூடத்தை ஏன் விட்டேன் என்று கணக்கெடுக்க வந்த டீச்சர் கேட்டார். அம்மாவுக்கு ஆபரேஷன், வீட்டைப் பார்க்க ஆள் இல்லை என்று அம்மா சொன்னாள். அது உண்மைதான். ஆனால் அம்மா எழுந்து நடமாட இரண்டு மாதம்தான் ஆனது. திரும்பப் போகாததற்குக் காரணம் வேறு. எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொல்வார்கள். புத்தகத்தில் எழுத்து தெரியும், வாய் திறக்காது. வகுப்பே காத்திருக்கும். அந்த அமைதிக்குத் திரும்பிப் போக மனமில்லை.

அக்டோபர் 11, சனி

இன்று ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை. எழுதிவிட்டுத் தூங்குகிறேன்.

வர்ஷினி ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் வாசலில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். ஒருத்தி கேட்டாள், "யாருடி இது? நம்ம கிளாஸ்ல இருந்தாள்ல, பேசவே மாட்டாளே?"

வர்ஷினி சொன்னாள், "அதுவா? அது எங்கூட்டு ஓடிபி."

நாலு பேரும் சிரித்தார்கள். ஒருத்தி, "ஓடிபியாச்சும் சத்தமா வருமா?" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். நான் கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு டி-ஷர்ட்டில் பிசிறோடு துணியையும் வெட்டிவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

கோகிலா அக்கா காலையில் வேலைக்குப் போகும்போது நின்றார். "கௌசி, நாளைக்கு அவிங்க கம்பெனில போனஸ் போடறாங்க. நாளைக்கு மட்டும் ஆறே முக்காலுக்கு ஒரு நிமிசம் கூடத் தள்ளிப்போகக் கூடாது. போன சார்ஜ் போட்டு வெச்சுக்க, என்ன கண்ணு?"

தலையாட்டினேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மெசேஜ் வரவில்லை. நெட்வொர்க் கோளாறாக இருக்கும். மூன்று தடவை முயன்றார்கள். நான் என்ன செய்ய முடியும்.

இன்று முந்நூறு பீஸ் முடித்தேன். தக்காளி ரசம் வைத்தேன்.

அக்டோபர் 15, புதன்

மயில்சாமி அண்ணனை நேற்று இராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்து விட்டார்களாம். போனஸ் கவர் பையில் இல்லை. தள்ளிக்கொண்டு போன சைக்கிளும் இல்லை, காலில் செருப்பும் இல்லை. இதெல்லாம் அம்மா காலையில் சொன்னாள். எழுபத்தொரு நாள் குடியைத் தொடாமல் இருந்தாராம். அவர்கள் வீட்டுக் காலண்டரில் துணிக்குக் கோடு போடும் சாக்பீஸால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாராம். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைக் கிழித்தார். கிழிபட்ட சத்தம் எனக்கும் கேட்டது.

குழாயடியில் கோகிலா அக்கா அழவில்லை. "ஆறே முக்காலுக்கு வந்து உக்காந்தாருங்க. கடலைய வறுத்துக் கையில குடுத்தேன். டிவில சுத்திக்கிட்டே இருக்குது, நம்பரு வருல. சட்டைப்பையத் தொட்டுத் தொட்டுப் பாத்தாரு. காத்து வாங்கீட்டு வர்றேன்னாரு."

"அந்த ஆப்புக்காரன் நாசமாப் போக" என்றார் செல்வநாயகி அக்கா. "வெலய ஏத்தாம இருந்திருந்தா நாலு ஊட்லயும் அது பாட்டுக்கு ஓடியிருக்கும். இந்த ஓடிபி எழவெல்லாம் எதுக்கு வந்துச்சு?"

எல்லாரும் ஆமாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

அக்டோபர் 16, வியாழன்

அண்ணன் இன்றும் வேலைக்குப் போகவில்லை. செருப்பு வாசலிலும் இல்லை, உள்ளேயும் இல்லை.

அக்டோபர் 18, சனி

ரோஸ்லின் அக்கா கம்பெனிமேல் புகார் எழுத வேண்டும் என்றார். "சும்மா விடக் கூடாது. காச வாங்குறான்ல? அன்னைக்கு ஏன் வரலைன்னு கேளு." ஆப்பிலேயே புகார் எழுத இடம் இருக்கிறதாம். யார் எழுதுவது? என் போன், என் நம்பர். என் தமிழ் நன்றாக இருக்கும் என்று வேறு சொன்னார்கள்.

கோகிலா அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் அடித்தேன். "அக்டோபர் பதினாலாந்தேதி சாயங்காலம் நாங்கள் மூன்று முறை முயன்றும் ஓடிபி வரவில்லை. இதனால் எங்கள் குடும்பத்துக்குப் பெரிய நட்டம் ஆகிவிட்டது."

"நட்டம்னா என்னனு எழுதட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். அதெல்லாம் அவிங்களுக்கு எதுக்கு?" பிறகு அவரே சொன்னார். "நூத்திப் பன்னெண்டு எபிசோடு இருக்குதுன்னு பாத்துத்தான் அந்த நாடகத்தையே எடுத்தேன் கௌசி. கதை என்னன்னுகூடப் பாக்கல. எது ரொம்ப நீளமோ அத எடுத்தேன். மொத தொண்ணூறு நாளத் தாண்டுனாப் போதும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. அந்த நேரந்தான் அவருக்குக் கையி நடுங்கும். எட்டு அடிச்சுட்டா, சோறு தின்னுட்டுப் படுத்துக்குவாரு."

அனுப்பு என்றார். அனுப்பினேன்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலை குனிந்துகொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "பாவம், இந்தப் புள்ளைக்கும் மனசு கேக்குல" என்று என் முழங்காலைத் தட்டினார்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

கோகிலா அக்கா வீட்டில் புதுத்துணி இல்லை. பலகாரம் மட்டும் எங்களுக்குக் கொடுத்தனுப்பினார்கள். வர்ஷினிதான் கொண்டுவந்தாள். கண் வீங்கியிருந்தது. தட்டைக் கொடுத்துவிட்டு நின்றாள், எதையோ சொல்ல வந்த மாதிரி. போய்விட்டாள். அதிரசத்தை என்னால் தின்ன முடியவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் காக்கைக்கு வைத்தேன்.

அக்டோபர் 23, வியாழன்

பதில் வந்துவிட்டது.

"அன்புள்ள வாடிக்கையாளரே, அக்டோபர் 14 அன்று மாலை 6.43, 6.51, 7.02 ஆகிய நேரங்களில் தங்கள் எண்ணுக்கு மூன்று முறை குறியீடு அனுப்பப்பட்டது. மூன்றும் தங்கள் கைபேசியை வந்தடைந்ததாக எங்கள் பதிவு காட்டுகிறது."

இது எனக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஏற்கனவே மூன்றை அழித்தவளுக்கு நான்காவது பெரிய வேலை இல்லை.

14ஆம் தேதி இந்த டைரியில் எழுதியிருப்பது பொய். என்னைத் தவிர யாரும் படிக்காத டைரியில் யாருக்காகப் பொய் எழுதினேன்?

நடந்தது இது. 6.43க்கு முதல் எண் வந்தது. கோகிலா அக்கா சுவரைத் தட்டினார். நான் "வரலீங்க்கா" என்றேன். 6.51க்கு அவரே வாசலுக்கு வந்தார். போனைத் தலைகீழாகத் துணிமேல் வைத்துவிட்டு, வரவில்லை என்று தலையாட்டினேன். 7.02க்கு வர்ஷினி வந்தாள். "கௌசி, ப்ளீஸ், இன்னொருக்காப் பாரேன். ப்ளீஸ்" என்றாள். அவள் என்னிடம் கெஞ்சினாள். அவள் குரல் உடைந்தது. அது எனக்கு நன்றாக இருந்தது. அந்த நன்றாக இருந்ததைத்தான் இத்தனை நாளாக எழுத முடியவில்லை.

அவள் போன பிறகு, போதும் என்று தோன்றியது. எண்ணைச் சொல்லிவிடலாம் என்று எழுந்து வெளியே போனேன். அவர்கள் வாசலில், கட்டிலுக்கடியில் இருக்க வேண்டிய செருப்பின் ஈரத்தடம் மட்டும் வாசற்படி தாண்டித் தெருப்பக்கம் போனது. திரும்பி வந்து மூன்று மெசேஜையும் அழித்தேன்.

அந்த நேரம் எதற்கு என்று எனக்குத் தெரியாது என்று எழுத நினைத்தேன். அதுவும் பொய். தண்ணீர் முறையை விட்டுக்கொடுத்தபோதே பாதி தெரியும். செருப்பு உள்ளே போனபோது மீதியும் தெரியும்.

அக்டோபர் 24, வெள்ளி

சொல்லவில்லை. இரண்டு முறை அவர்கள் வாசல் வரைக்கும் போனேன். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

நாளையோடு ஆப்பின் மாதம் முடிகிறது. யாரும் கட்டப்போவதில்லை. செல்வநாயகி அக்கா கேபிள்காரனையே திரும்பக் கூப்பிட்டுவிட்டார். அவன் கேலி பண்ணத்தான் செய்தானாம். ரோஸ்லின் அக்கா போனில் இலவசமாக வருகிற குட்டி வீடியோ போதும் என்கிறார். கோகிலா அக்கா தனியாக முழுப் பணம் கட்டலாமா என்று அம்மாவிடம் கேட்டார். பிறகு அவரே, "பத்து நாளா வேலைக்குப் போகாத ஊட்ல அதெல்லாம் ஆகுமுங்களா?" என்றார்.

அக்டோபர் 25, சனி

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் கோகிலா அக்கா வீட்டில் மூன்று பேரும் இருந்தார்கள். அண்ணன் கட்டிலில், அக்கா தரையில் வெங்காயம் உரித்துக்கொண்டு, வர்ஷினி புத்தகத்தோடு. போனை நீட்டினேன். அக்கா கையைக் காட்டி, "கையெல்லாம் வெங்காயம். நீயே படி கண்ணு" என்றார்.

படித்தேன். நின்றுகொண்டு, சத்தமாக. முதல் வரியில் வாய் அடைத்தது. மூன்று பேரும் காத்திருந்தார்கள். அதே அமைதி. ஆனால் இந்த முறை ஓடிப்போக இடம் இல்லை. 6.43, 6.51, 7.02. எண்கள் எனக்கு எப்போதும் வரும். "மூன்றும் தங்கள் கைபேசியை வந்தடைந்ததாக" என்பது வரைக்கும் படித்துவிட்டு, "வந்துச்சுங்க்கா. நான்தான் குடுக்கல" என்றேன்.

கோகிலா அக்கா வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணாவது தடவை நான் அமுக்கறப்பத்தான் அவரு செருப்பக் குனிஞ்சு எடுத்தாரு" என்றார், யாரிடமோ சொல்வது போல. பிறகு என்னைப் பார்த்தார். "ஏன்?"

நான் வர்ஷினியைப் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவே பதிலாகிவிடும். "தெரியலீங்க்கா" என்றேன். வர்ஷினியின் கையிலிருந்து பேனா விழுந்து உருண்டது. அவள் அதை எடுக்கவில்லை.

"அந்தப் புள்ளைய ஏன் நிக்க வெச்சுக் கேக்கற?" என்று அண்ணன் கட்டிலிலிருந்து சொன்னார். பத்து நாளில் அவர் குரலை இப்போதுதான் கேட்டேன். "நம்பரு வருலீன்னா நடந்து போனது ஆரு? எங்காலுதான?"

"நீங்க சும்மா இருங்க!" அக்கா கத்திவிட்டார். "உங்க காலு எனக்குத் தெரியாதா? அதுக்குத்தானே நாயா அலஞ்சு நேரம் புடிச்சு வெச்சேன்! எழுவத்தியொண்ணு! இன்னும் நாப்பத்தியோரு எபிசோடு கெடக்குது. ஆப்பும் இன்னையோட போச்சு. இனி இவர எத வெச்சு உக்கார வெப்பேன்?"

நான் வாசற்படியில் இருந்தேன். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. "கதை எனக்குத் தெரியுமுங்க்கா. நான் முழுசாப் பாத்துட்டேன். நான் சொல்றேன். தெனமும் வந்து சொல்றேன்."

என் வாழ்க்கையில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அக்கா எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

அக்டோபர் 26, ஞாயிறு

எல்லாம் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அடிக்கவில்லை. "எத்தன கொடம் தண்ணி அவ குடுத்திருக்கா நமக்கு, நான் படுத்துக் கெடந்தப்ப" என்று மட்டும் சொன்னாள். அடித்திருக்கலாம்.

அக்டோபர் 28, செவ்வாய்

ஆறரைக்கு வர்ஷினி வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், "அம்மா வரச் சொல்லுச்சு. ஆறே முக்காலுக்காம். ஒரு நிமிசங்கூடத் தள்ளிப்போகக் கூடாதாம்" என்றாள். போகத் திரும்பியவள் நின்றாள். "எம்பேரச் சொல்லிருக்கலாமில்ல நீ."

அவள் போய்விட்டாள்.

போனேன். அண்ணன் குளித்துத் தலைசீவி உட்கார்ந்திருந்தார். கையில் வறுத்த கடலை. விரல்கள் நடுங்கியதில் இரண்டு கடலை கீழே விழுந்தன. அக்கா வெளியே வந்து அவருடைய புதுச் செருப்பை எடுத்தார். பக்கத்தில் கிடந்த என் செருப்பையும் சேர்த்து எடுத்து, இரண்டையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கதவருகே உட்கார்ந்து மணியைப் பார்த்தார்.

"ம், சொல்லு அம்மணி" என்றார் அண்ணன். "அந்தத் தம்பிக்காரன் ஜெயிலுக்குப் பாக்கப் போனானே, அங்க நிறுத்துனது."

எழுபத்திரண்டாவது எபிசோடை ஆரம்பித்தேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். தம்பி ஜெயிலுக்குப் போகிறான், அண்ணன் கம்பிக்குப் பின்னால் வருகிறான், தம்பி உண்மையைச் சொல்ல வாயெடுக்கிறான், நேரம் முடிந்தது என்று காவலர் மணி அடிக்கிறார். அவ்வளவுதான். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு ஆக இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. எழுபத்தைந்து நிமிடம் ஓட வேண்டிய கதையைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

"அவ்வளவுதானா?" என்றார் அண்ணன். கடலை தீர்ந்துவிட்டது. கையைத் துடைத்தார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார்.

கோகிலா அக்கா என்னைப் பார்த்தார். மூன்று நாளுக்குப் பிறகு முதல் தடவையாக நேராக.

"இல்லீங்ணா" என்றேன். "அப்ப... வெளிய ஒரு படகுக்காரன் நின்னுட்டிருந்தான்."

அப்படி ஒருவன் அந்த நாடகத்தில் இல்லை. நூற்றுப் பன்னிரண்டிலும் இல்லை. ஆனால் வாயில் வந்துவிட்டான். தீப்பிடித்த அன்று அவன் கடலில் இருந்தான், எல்லாவற்றையும் பார்த்தான், யாரிடமும் சொல்லவில்லை என்றேன். அவனுக்குப் பேச வராது என்றேன். ஒற்றைக் கண் உள்ள நாய் ஒன்றைக் கொடுத்தேன். அது எங்கேயெல்லாம் போனது என்று சொன்னேன். அண்ணன், "நாயி கடலுக்குள்ளயுமா போகும்?" என்றார். "இது போகுமுங்ணா" என்றேன். வர்ஷினி புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள்.

"இந்தப் படகுக்காரன் நெசமாவே நாடகத்துல வர்றானா?" என்று கேட்டாள்.

"வர்றான்" என்றேன். மெசேஜ் வரவில்லை என்று சொன்ன அதே குரலில்.

எட்டு மணிக்கு அக்கா எழுந்து சோற்றுத் தட்டை வைத்தார். என் செருப்பை எடுத்து வாசலில் போட்டார். மெதுவாகப் போடவில்லை.

அக்டோபர் 29, புதன்

அண்ணன் வேலைக்குப் போனார். ஒரு ஷிப்ட். படகுக்காரனின் தங்கை வந்தாள் இன்று. எட்டே ஐந்து வரை போனது.

அக்டோபர் 31, வெள்ளி

பக்கத்து வீட்டில் புதுக் காலண்டர் மாட்டியிருக்கிறார்கள். அடுத்த வருடத்துடையது, ஏதோ கடையில் முன்கூட்டியே கொடுத்தது. ஜனவரிப் பக்கத்தில் அண்ணன் நான்கு கோடுகள் போட்டிருக்கிறார். தேதி பற்றி அவருக்குக் கவலை இல்லை போல.

கோகிலா அக்கா இன்னும் பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். இன்று கடலைத் தட்டை அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் வைத்தார். அது எனக்கும் சேர்த்து வைத்ததா, கை போன இடத்தில் வைத்ததா என்று தெரியவில்லை. நான் எடுக்கவில்லை.

நாளைக்குப் படகுக்காரன் கரைக்கு வந்து வாய் திறந்தாக வேண்டும். அண்ணன் இன்று மூன்று தடவை கேட்டுவிட்டார். ஆனால் அவன் பேசிவிட்டால் கதை முடிந்துவிடும். நூற்றுப் பன்னிரண்டு முடிய இன்னும் முப்பத்தேழு நாள் இருக்கிறது.